ஆற்றில் போட்டாலும்

வூப்பர்டாலில் ரயில் நிலத்தில் ஓடுவதில்லை.
இரும்புக் கால்களில் இருந்து தொங்கியபடி
ஆற்றின் முதுகுக்கு மேலே போகும்.
ஒரு காலம் சாயம் குடித்த ஆறு.
இப்போது, வெயில் சரியாக விழுந்தால், மீன் தெரியும்.

நகரச் சுகாதாரக் கந்தோர், மூன்றாம் மாடி.
மார்கழி முழுக்க எனக்கு ஒரே வேலை:
நிலைபேறான அபிவிருத்தியில்
நாங்கள் எவ்வளவு தேறினோம் என்று
நாற்பத்தொரு கட்டங்களை நிரப்புவது.

மின்சாரம். எரிவாயு. கடதாசி.
தாதிமார் படியேறி இறங்கிய வீடுகளுக்கு இடையே
கார் ஓடிய கிலோமீற்றர்.
கையுறைப் பெட்டி, குப்பையின் எடை.
ஆகப் பெரிய குற்றவாளி
தடுப்பூசிக் குளிர்பெட்டி:
ஞாயிறு இல்லை, பெருநாள் இல்லை,
இரவிரவாக முனகியபடி
அம்மைக்கு எதிராக விழித்திருக்கிறது.
அதற்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

கூட்டிப் பார்த்தால் பதினான்கு வீதம் குறைவு.
பச்சை அம்பு, தலை கீழே.
இந்த ஊரில் கீழே விழுவதற்குக் கைதட்டுவது
இது ஒன்றுக்குத்தான்.
ஹென்னிங் பிளம்ஸ் கேக் கொண்டுவந்தான்.

பிறகுதான் அந்தப் பூச்சியத்தைப் பார்த்தேன்.
லாங்கர்ஃபெல்ட் கிளை, எரிவாயு:
தை, மாசி, பங்குனி.
அதன் பின் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் மாதிரி.
கிளையைப் பூட்டிய நாள் நினைவுக்கு வந்தது.
வாயுவை வெட்டினார்கள்.
நோயை வெட்ட ஆள் வரவில்லை.

நெர்மின் இரட்டைத் தள்ளுவண்டியோடு வந்தாள்,
மூத்தவனுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பரிசோதனை.
ஒற்றைக்காலில் நில். இந்த வட்டத்தைப் பார்த்துக் கீறு.
முன்பு ஏழு நிமிட நடை.
இப்போது ஒரு பஸ், பிறகு தொங்குரயில், பிறகு ஏற்றம்.
ரயிலில் சத்தி எடுத்தவன்
ஒற்றைக்காலில் எப்படி நிற்பான்?
தடுமாறினான்.
தடுமாற்றத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.
பயணத்துக்கு இல்லை.

காத்திருப்பு அறையில் ஒரு தாளை ஒட்டினேன்.
எப்படி வந்தீர்கள்? எவ்வளவு நேரம்?
பதினொரு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
'மகளின் காரில். அவளுக்குச் சம்பளமில்லாத லீவு.'
'நடந்து. வலது முழங்கால் மட்டும் வரவில்லை.'
ஒருத்தி எழுதியிருந்தாள்:
'தங்கை வரவில்லை. அவளுக்காக நான் எழுதுகிறேன்.'

வராதவர்கள் புகை விடுவதில்லை.
கடதாசி கேட்பதில்லை, கையுறை கேட்பதில்லை.
அட்டவணைக்கு அவர்களைத்தான் ஆகப் பிடிக்கும்.

தாளை பிரென்ஷைட் அம்மையாரிடம் கொண்டுபோனேன்.
கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
தன் அறை ஹீட்டரை மூடிவிட்டு
கோட்டோடு இருந்து கையெழுத்திடுகிறவர்;
பென்சிலை நகக்கண் அளவு வரைக்கும் சீவுகிறவர்.
இரண்டு தரம் வாசித்தார்.
"இது உண்மை," என்றார்.
"ஆனால் எங்கள் கணக்கின் எல்லைக்கு வெளியே."

எல்லை எங்கே என்று கேட்டேன்.
கந்தோரின் கண்ணாடிக் கதவைக் காட்டினார்.
அதற்கு வெளியே மழைக்குள்
யாரோ தள்ளுவண்டியை மடிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

நிலைபேறு.
ஜெர்மன் சொல்லுக்குத் தமிழ் தேடிய ஓர் இரவில்
அதைப் பிரித்துப் பார்த்தேன்: நிலை, பேறு.
பேறு என்றால் பாக்கியம். பிள்ளை பெறுவதும் பேறுதான்.
எங்கள் நாற்பத்தொரு கட்டங்களில்
முதற்பாதி மட்டும் நிறைந்திருந்தது.

அடிக்குறிப்பு இருபத்துமூன்று, எழுத்து அளவு எட்டு:
'கிளை மூடியதால் மிச்சமான வாயு
மக்களின் பயணத்தில் செலவானது. அளவு: தெரியாது.
வராதோர்: தெரியாது.'

வீடு திரும்புகையில் ரயில் ஆடியது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டிருக்கிறோம்,
தசம தானம் இரண்டு வரைக்கும்.
கீழே ஆறு, யாரும் கேட்காத கணக்கோடு.

திங்கட்கிழமை வரைவு என் மேசைக்குத் திரும்பியது.
கையெழுத்து இல்லை. கேள்வியும் இல்லை.
இருபத்துமூன்றாம் குறிப்பின் ஓரத்தில்
மொட்டைப் பென்சிலால், அழுத்தி:

எட்டு வேண்டாம். பத்து.