நெல்லிக்காய் அளவு

கீழே டயர் கடை.
நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கி அலறும்போதெல்லாம்
மரகதவல்லியின் தோள்கள்
காதுவரை ஏறி இறங்குகின்றன.
ஜெலுத்தோங்கில் இந்த வாடகைக்கு
வேறு மாடி கிடைக்கவில்லை என்றேன்.
சிரித்தாள்.
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை.

படிவம் கேட்கிறது:
கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் பதற்றம்
பத்துக்கு எத்தனை?
பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்,
வங்கியில் கையெழுத்து மறந்துபோனவள் மாதிரி.
"நம்பரெல்லாம் தெரியல மிஸ்.
வயித்துல புளியக் கரைக்குது."

ஆறு வருடம் படித்தேன்.
மூளையை நிறம் நிறமாகக் காட்டினார்கள்.
புளியை யாரும் காட்டவில்லை.
"எவ்வளவு புளி?" என்றேன்.
கிண்டலா என்று முகத்தைப் பார்த்தாள்.
இல்லையென்று ஆனதும்
உள்ளங்கையைக் குவித்து எடைபோட்டாள்.
"பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் தேங்காய் அளவு.
ராத்திரி கொஞ்சம் பரவால்ல,
எலுமிச்சங்காய்."

மஞ்சள் வேன், பதினோரு இருக்கை.
ஆயர் ஈத்தாமிலிருந்து பதினெட்டு வருடம் ஓட்டினாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி இருக்கையில்
பாலர் வகுப்புப் பிள்ளையொன்று உறங்கிப்போனது
அவளுக்குத் தெரியவில்லை.
நாற்பது நிமிடம்.
மர நிழல். இரண்டு விரல் திறந்த கண்ணாடி.
பிள்ளை வேர்த்து எழுந்து
முன்னால் ஏறி வந்து ஹாரன் அடித்தது.
மைலோ கேட்டதாம்.
தாய் அன்றைக்கே மன்னித்துவிட்டாள்.
"அதுதான் தாங்கல.
நாலு அறை விட்டிருந்தா அழுதிருப்பேன்."

ஒன்றும் ஆகவில்லையே, ஒன்றும் ஆகவில்லையே என்று
தீவில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.
நான் சொல்லவில்லை.
ஆனது.
நாற்பது நிமிடம் ஆனது.

ஒவ்வொரு வாரமும் நான் முதலில் கேட்பது
"பசியாறியாச்சா?"
மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு
'எப்படி உணர்கிறீர்கள்' என்று மேலே எழுதினார்.
எனக்கென்னவோ
பசி ஆறுகிற மாதிரிதான் மற்றதும் ஆறுமென்று தோன்றுகிறது,
பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க,
மெதுவாக.
ஊதி ஊதி ஆற்றப் போனால் வாய்தான் வலிக்கும்.
(இது கேட்க அழகாக இருக்கிறது.
அதனால் சந்தேகம்.
அவளிடம் சொல்லவில்லை.)

ஆறாம் வாரம் அறையில் உட்காரவில்லை.
தம்பி வேனைக் கொண்டுவந்து கீழே நிறுத்தினான்.
ஓட்டுநர் இருக்கையில் அவள்.
கடைசி இருக்கையில் நான்,
முழங்கால் மோவாயை இடிக்க.
மடிப்பில் பழைய பிஸ்கட் துகள்,
சன்னலில் பாதி கிழிந்த டைனசோர்.
சாவி போடவில்லை.

"எண்ணலாமா?"
ஒன்று என்றாள், யாரிடமோ கடன் கேட்பது போல.
இரண்டு. மூன்று.
ஏழில் நின்றாள். துப்பாக்கி அலறியது.
டயர் கடை ஆ லெங் எட்டிப் பார்த்து
காற்று அடிக்கணுமா என்றார்.
வேண்டாமென்று கையாட்டினோம், இரண்டு பேரும்.
எட்டு.
பதினொன்றுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.
கழுத்து வரவில்லை.
கண்ணாடியை மட்டும் சாய்த்தாள்.
என் முகம் அதில் பாதி தெரிந்திருக்கும்.
"நீங்க தூங்கலையே மிஸ்?"
"தூங்கல."
"இப்ப புளி எவ்வளவு?"
"இப்படியே இருந்தா நெல்லிக்காய்.
திரும்பச் சொன்னீங்க, தேங்காய்தான்."
திரும்பச் சொல்லவில்லை.

முப்பது வெள்ளி கொடுத்தாள்,
பத்துப் பத்தாக, ஓரம் நீவி.

மாடியேறி வந்து படிவத்தை எடுத்தேன்.
பத்துக்கு எத்தனை என்ற கட்டத்தில்
நெல்லிக்காய் என்று எழுதினேன்.
அதற்கு மலாயில் என்ன?
கேட்க ஆளில்லை, அப்படியே விட்டேன்.
எனக்கும் பசித்தது.
சன்னல் வழியாகப் பார்த்தால்
தம்பி சாவியோடு வெயிலில் நிற்கிறான்.
அவள் இன்னும்
இறங்கவில்லை.