கீழே பார்க்காமல்

ஆரப்பாளையத்தில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் ஏறியதும்
பூக்கூடையை மடியில் வைத்திருந்தவள்
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.
பதினோரு இரவின் புகை, ஈரச்சாக்கு, நான்.
எனக்கு மட்டும் வாசனை தெரியவில்லை.

சிறுமலையில் மரம் அளக்கும் வேலை.
நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றி
நான் எண்ணைக் கத்த
வெள்ளைக்கண்ணு அண்ணன் எழுதிக்கொள்வார்.
நானூற்றுப் பன்னிரண்டு மரம், ஏழு மழை.
தார்ப்பாயில் ஒரே ஓர் ஓட்டை,
சரியாக என் இடது தோளுக்கு மேலே.

கூடல் நகரில் எங்கள் மாடிப் போர்ஷன்.
பையைக்கூடக் கழற்றாமல்
கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.
துருப்பிடித்த மேல்தாழ்ப்பாளையும் இழுத்துப் போட்டேன்.
ஐந்து ஆண்கள் இருந்த முகாமில்
கருக்கலில் டார்ச்சை அணைத்துவிட்டு
செருமிக்கொண்டே புதருக்குப் போய்வந்தவளுக்கு
அந்த இரும்பு குழிக்குள் விழுந்த 'டக்'
சம்பளம் வந்த குறுஞ்செய்தியைவிட இனித்தது.
வேலை முடிந்தும் எழவில்லை.
"உள்ள உசுரோட இருக்கியா?"
ஜெசிந்தா கதவைத் தட்டினாள்.
"இருக்கேன்டி.
இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."

அன்றைக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் முறை இல்லை.
டிரம்மில் பாதிதான்.
தன் பங்கிலிருந்து ரெண்டு குடம் எனக்கு விட்டு
வாளியில் ஹீட்டர் கம்பியைத்
தொங்கவிட்டிருந்தாள் அவள்.
முதல் நாலு செம்பு கறுப்பாக ஓடியது.
முழங்காலுக்குப் பின்னால் குடியிருந்த உண்ணி ஒன்று
சோப்பு நுரையில் காலைப் பரப்பி மிதந்தது.
அதற்கும் அதுதான் முதல் வெந்நீர் போல.

பேரீச்சம்பழத்துக்குப் போட வைத்திருந்த
கை உடைந்த சிவப்பு நாற்காலியில் சாய்ந்தேன்.
சாய ஓர் இடம்!
அங்கே பாறைக்கும் என் முதுகுக்கும்
கடைசிவரை ஒத்துப்போகவில்லை.
தரையில் வைத்த டம்ளர்
வைத்த இடத்திலேயே நின்றது.
இரவெல்லாம் வேரை உதைத்துக்கொண்டு
சரிவில் தூங்கியவளுக்கு
இந்த வீட்டுக்கு ரசமட்டம் பிடித்த கொத்தனார் யாரோ,
தேடிப்போய்க் கும்பிட வேண்டும்போலிருந்தது.

தோசையைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.
ஏழு.

இறங்குகிற அன்று அண்ணனிடம் கேட்டிருந்தேன்:
வீட்டுக்குப் போனதும் மொதல்ல என்ன செய்வீங்க?
குளிப்பேன் என்பார், இல்லை
கறிச்சோறு என்பார் என்று நினைத்தேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.
"செருப்பக் கழட்டிட்டு நடப்பேன்.
கீழ பாக்காம."
அவர் முறை முடிய இன்னும் ஒன்பது நாள்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போனது.
ஃபேன் மூன்று சுற்று சுற்றி நின்றது.
தாகம்.
எழுந்து நடந்தேன்.
டார்ச் இல்லை, தட்டிப் பார்க்கக் கம்பு இல்லை,
செருப்புக்குள் தேள் இருக்குமோ என்று உதற
செருப்பே இல்லை.
உள்ளங்காலுக்குக் கீழே சிமென்டுத் தரை
குளிர்ந்து, மட்டமாய்,
ஒன்றுமே இல்லாமல் கிடந்தது.
வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்,
அண்ணனுக்கும் சேர்த்து.

ஏழாவது அடியில் ஜெசிந்தாவின் ஹேர்கிளிப்.

"ஆத்தாடி!"

மலையில் என்றால் சில்வண்டெல்லாம்
சட்டென்று வாயை மூடிக்கொண்டு
அடுத்து என்ன என்று காத்திருக்கும்.
இங்கே கீழ்வீட்டு இன்வெர்ட்டர்
பாட்டுக்கு 'பீப்' அடித்துக்கொண்டிருந்தது.
கிளிப்புக்காரி புரண்டு படுத்தாள்.
ஒற்றைக்காலில் நின்றபடி
பானையில் செம்பை விட்டு
தண்ணீர் குடித்தேன்.