சின்னச் சாட்டை

ஒரு துளி. மேலே கண்ணாடித் தகடு.
லென்ஸைத் திருகினேன்.
உதிரும் இலைபோலப் புரண்டு புரண்டு போனது
பேரிக்காய் உடம்பு,
கண் வைத்த மாதிரி இரண்டு புள்ளி,
எட்டு வால்.

பெயர்: ஜமுனா. வயது: ஐந்து.
முகவரி: குன்னூர், கீழ் பஜார், பாலத்தடி.

ரிப்போர்ட்டில் எழுதவேண்டிய சொல் ஃபிளாஜெல்லேட்.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
இன்று மூடுபனியோடு கரண்டும் போனதால்
மேசை டிராயரில் கிடந்த அகராதியை
ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிரித்தேன்.

வினையாக வந்தால் சாட்டையால் அடி.
பெயராக வந்தால் சாட்டைவால் உயிரி.
வேர் லத்தீன். ஃபிளாக்ரம் என்றால் சாட்டை.
அதைச் செல்லமாகச் சுருக்கினால் ஃபிளாஜெல்லம்,
சின்னச் சாட்டை.
சாட்டைக்குக்கூடவா செல்லப்பெயர் வைப்பார்கள்?
கையில் பிடித்தவன் வைத்திருப்பான்.

கொடியின் இளந்தளிருக்கும் அதே சொல்தானாம்.
எதிர்ச் சரிவில் பனிக்குள் கொழுந்து கிள்ளுகிறார்கள்,
குரல் மட்டும் கேட்கிறது.
கதிரடிக்கும் கோலுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டே,
அதுவும் இதன் பேரப்பிள்ளை.
நம்மிடமும் சவுக்கு என்றால் மரம்,
சவுக்கு என்றால் அடி.
எதைச் சொல்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு அப்பன் வந்தார். எர்ரப்பா.
இந்தக் குளிரிலும் சட்டை இல்லை.
காலில் சலங்கை, தோளில் சுருட்டிய சாட்டை.
ஊட்டி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்திருக்கிறேன்.
சில்லறை தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டுக்கொண்டே
கடந்தும் போயிருக்கிறேன்.

"பிள்ளைக்கு என்னங்க?"
"வயித்துல ஒரு பூச்சி.
சின்னச் சின்னதா சாட்டை இருக்கும் அதுக்கு."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"எத்தினி?"
"எட்டு."
"நமக்கு ஒண்ணுதாங்க." சிரித்தார்.
"அடிக்குதா, வெறுஞ் சத்தமா?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
"என்னுது சத்தந்தான். காத்துல வெடிக்கணும்.
தோல்ல பட்டுச்சுன்னா
அன்னிக்குத் தொழில் சரியில்லேன்னு அர்த்தம்."

டாக்டர் மாத்திரை எழுதுவார் என்றேன்.
தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொன்னேன்.
"பாலத்தடியில விறகு நனைஞ்சு கிடக்கு, பாக்குறேன்" என்றவர்
மை காயாத அந்தச் சொல்லை
நாலாக மடித்து இடுப்பில் சொருகினார்.

வாசல் பக்கம் திரும்பினார்.
முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை,
தொழில் சரியில்லாத நாட்கள்.
எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.