இருநூற்றெண்பது

குதிகாலில்தான் தொடங்கியது.
கறுப்பு வரிகள், மீன் செதில் மாதிரி.
மவுஸை அசைத்தால் ஓடும்,
நிறுத்தினால்
ஓடிய இடத்திலேயே நின்று முறைக்கும்.
தோல் தெரிகிறது. இம்மி நகர்த்தினால்
தோலுக்குள் இருக்க வேண்டிய துணி.
மறுபடி தோல்.
ஒரே சீட் நம்பரை வைத்துக்கொண்டு
இரண்டு பேர் ரயிலேறியது போல.

காட்பாடி, சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம்,
பேட்டரிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
மணி பதினொன்றரை. சுவர் இன்னும் சுடுகிறது.
காலை ஒன்பதுக்குள் ஆம்பூர் கம்பெனிக்கு
இந்த ஷூ ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியாக வேண்டும்.
அங்கிருந்து அது ஜெர்மனிக்குப் போய்ச் சுற்றும்.

தஸ்தகீர் பாய் போனில்,
"மானிட்டரைத் தட்டிப் பாத்தியாம்மா?"
தட்டினேன்.
கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினேன்.
நிழலை அணைத்தேன், விளக்குகளை அணைத்தேன்,
ஒரு கட்டத்தில் ஃபேனையும் அணைத்தேன்,
ஏன் என்று இப்போது தெரியவில்லை.
"டிரைவரை மாத்திட்டு வந்துடறேன்" என்றதும்
பள்ளிகொண்டாவிலிருந்து அம்மா கேட்டாள்,
"ஏன், குடிச்சிருக்கானா?"

பழைய டிரைவர், புது டிரைவர்,
நடுவில் இரண்டு முறை மின்சாரம் போய்
யூபிஎஸ் கத்தி, கரண்ட் வந்து, திரை விழித்தது.
வரிகளும் விழித்தன.

பக்கத்து மேசையில் ஜெபசீலி
ஆஸ்பத்திரிக்கு ஒரு முழங்கால் செய்துகொண்டிருந்தாள்.
மடக்குகிறாள், நீட்டுகிறாள்.
மூட்டில் ஒரு சிமிட்டல் கிடையாது.
எனக்கு அந்த முழங்கால் மீது பொறாமை.

திரும்பாமலே கேட்டாள்:
"என்ன சைஸ்?"
"நாப்பத்திரண்டு."
"அது இல்லடி. நீளம்."

அளவுப் பெட்டியைத் திறந்தேன்.
இருநூற்றெண்பது.
அதன் பக்கத்தில், மிகச் சின்ன எழுத்தில்,
மீட்டர்.

மார்ச்சில் பெங்களூருக்கு வேலை மாறிப் போன குணாளன்
மில்லிமீட்டரில் செய்த ஷூ.
எங்கள் மென்பொருள் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு
மிச்சத்தைத் தன் வழக்கப்படி படித்துவிட்டது.
மூன்று நாளாக நான் தையல் சரிபார்த்தது
கால் கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு செருப்பில்.
நாலைந்தை வரிசையாய்க் கிடத்தினால்
கால் நனையாமல் பாலாற்றைத் தாண்டலாம்.
(இல்லாவிட்டாலும் நனையாது.)
கயிறு நுழைகிற துளையில் லாரி போகும்.

முழு ஷூவும் தெரிய
கேமரா அறுநூறு மீட்டர் தள்ளி நின்றிருக்கிறது.
அவ்வளவு தூரத்திலிருந்து அதற்குத்
தோலுக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிற
ஒரு முழு மீட்டர் பிடிபடவில்லை.
எது முன்னால்? தெரியாது.
தெரியாது என்று சொல்ல அதற்கு வழியில்லை.
ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும்
ஒரு பதிலை ஊகித்து வரைந்தது.
பழுது என்று நான் திட்டியது
அதன் தடுமாற்றம்.

பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.
எண்டர்.

ஷூ காணாமல் போனது.
வெறும் கட்டங்கள், சாம்பல் நிறம், அடிவானம் வரை.
வயிற்றில் என்னவோ நழுவியது.
பிறகு உறைத்தது: அது அங்கேதான் இருக்கிறது,
நான்தான் இன்னும் அறுநூறு மீட்டரில் நிற்கிறேன்.
ஒரு விசை. கிட்டே போனேன்.

பழுப்பு. குதிகால்.
சுற்றினேன். சுற்றினேன்.
ஒன்றுமே நடக்கவில்லை.
ஒன்றுமே நடக்காததைப் பார்க்க
ஜெபசீலி நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

காலையில் ஆம்பூரிலிருந்து ஒரு வரி:
"பழுப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?"
குறைத்து அனுப்பினேன்.

பெரிய ஷூவின் கோப்பை அழிக்கவில்லை.
'பழசு_வேண்டாம்' என்று பேர் வைத்திருக்கிறேன்,
பாய் திறக்க மாட்டார்.
வேலையில்லாத மத்தியானங்களில்
கேமராவை உள்ளே இறக்கி
விரல் நுனிப் பக்கம் போய் நிற்பேன்.
நல்ல இருட்டு.
தலைக்கு மேலே, மிக உயரத்தில்,
கயிற்றுத் துளைகள் வழியாக
வட்ட வட்டமாய் வெளிச்சம் விழும்.
அங்கே எதுவும் சிமிட்டுவதில்லை,
எல்லாம் பக்கத்தில் இருப்பதால்.