துளை எண் பதினேழு

டியார்க் ஓல்ட்மன்ஸ். பிரேமர்ஹாவன், லேஹெ பகுதி,
மூன்றாம் மாடி, இடப்பக்கம்.
ஏழாவது முறையாக அழைக்கிறார்.
இருநூற்றைம்பதுக்குப் பணம், வருவதோ பதினாறு.
ரோஸ்டாக்கில் என் திரையில் அவர் பச்சை.
"எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறேன்,
காலையிலிருந்து நாற்பது பேரிடம் சொன்ன அதே குரலில்.

முன்பெல்லாம் பெயர் கேட்போம், கடவுச்சொல் கேட்போம்.
அஞ்சலில் வந்த உறையைத் தொலைத்துவிட்டு
அழுதவர்கள் உண்டு.
இப்போது யாரையும் எதுவும் கேட்பதில்லை.
தெருமுனைச் சாம்பல்நிறப் பெட்டியில்
எந்தத் துளைக்குள் உன் செம்புக் கம்பி நுழைகிறதோ
அதுதான் நீ.
மோடம் கண்விழித்து "யாராவது இருக்கிறீர்களா" என்னும்.
வழியில் பெட்டி அதன் முதுகில்
ஓர் எண்ணை ஒட்டி அனுப்பும்.
தன் முதுகைத் தானே படிக்க முடியுமா?
நாங்கள் படிப்போம்.
பதினேழு, ஓல்ட்மன்ஸ், உள்ளே வா.
பதினெட்டு, வீப்கெ ஹார்ம்ஸ், அதே மாடி, வலப்பக்கம்,
உள்ளே வா.

மார்ச்சில் அந்த வீட்டு நிலவறையில்
எவனோ அவசரத்தில் இரண்டு கம்பிகளை
மாற்றிச் செருகிவிட்டுப் போயிருக்கிறான்.
ஒன்பது மாதம் அந்தம்மா இவர்.
ஒன்பது மாதம் இவர் அந்தம்மா.
குப்பைத் தொட்டித் தகராறுக்குப் பின்
படிக்கட்டில் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள்.

டிசம்பரில் வெறுத்துப்போய் ரத்து செய்யச் சொன்னார்.
நான்தான் பொத்தானை அமுக்கினேன்.
எதிர்வீட்டில், ட்ரொம்ஸோவிலிருந்து பேசிக்கொண்டிருந்த தங்கையின் முகம்
வாய் திறந்தபடி நின்றுபோனது.

மறுநாள் ஒரே தொலைபேசியில் இரண்டு குரல்கள்.
"நிறுத்தச் சொன்னேன், ஓடுகிறது."
"காசு கட்டுகிறேன், ஓடவில்லை."
பின்னால் ஒரு நாய் குரைத்தது.
தான் யார் வீட்டு நாய் என்று
அதற்காவது தெரியும்.

செவ்வாய் பத்து நாற்பத்திரண்டுக்கு
ஆள் போய்க் கம்பியை மாற்றினான்.
பதினெட்டு ஒரு கணம் அணைந்து திரும்பியது, பச்சை.
முன்பும் பச்சைதான்.

ஓல்ட்மன்ஸ் புது ஒப்பந்தம் கேட்கவில்லை.
பதினேழாம் துளை காலி.
பதினெட்டில், இரவு ஒன்பதுக்கு மேல்,
அவர் திட்டித் தீர்த்த அதே பதினாறுக்குள்
இரண்டு ஆள் பாரம் நெருக்கிக்கொண்டு போகிறது.
என் திரைக்கு அது ஒரே ஆள்.
குறிப்புக் கட்டத்தில் நானும்
எதுவும் எழுதிவைக்கவில்லை.