அறுத்த பக்கம்

குட்டாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்தடியில் என் பட்டறை.
ஒரு செவ்வாய்க்கிழமை வட்ட மேசையொன்று
தலைகீழாக வந்து இறங்கியது.
வால்நட் பலகை, விளிம்பைச் சுற்றிப் பித்தளைப் பட்டை.
பத்ரி ஒரு பக்கம், தங்கை சியாலா ஒரு பக்கம்
பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சரிபாதி" என்றான்.
"சரிபாதிதான்" என்றாள்.
இருவரும் ஒத்துப்போன ஒரே சொல்
அதுவாகத்தான் இருக்கும்.

ஆரம் அறுபது சென்டிமீட்டர்.
பட்டையைக் கழற்றி நீட்டினால் முந்நூற்று எழுபத்தேழு.
பாதி, நூற்று எண்பத்தெட்டரை.
"அப்போ புதுப் பட்டை வேண்டாம், மக்வாலா" என்றான் பத்ரி
மனசுக்குள் என் கூலியையும் பாதியாக்கி.

பரப்பு சொன்ன பேச்சைக் கேட்கும்.
பை, ஆரத்தின் வர்க்கம், அதில் பாதி:
இரண்டாக்கினால் இரண்டாகும், அவ்வளவுதான்.
சுற்றளவு வேறு ரகம்.
வில்லைப் பங்கிட்டுக் கொடுத்த கையோடு
நாண் எங்கே என்று கேட்டு நிற்கும்.
பை பெருக்கல் ஆரம், அதோடு
இரண்டு ஆரம்.
அந்த இரண்டு ஆரத்தை மறக்காதவர் யார்?
நானே ஒரு பரீட்சையில் ஐந்து மதிப்பெண் விட்டவள்.

ரம்பம் போய் முடிந்ததும் காட்டினேன்:
நேற்றுவரை உலகத்தில் இல்லாத ஓரம் இது.
நூற்றிருபது உனக்கு,
நூற்றிருபது அவளுக்கு.
எண்ணெய் காணாத மரம், வெளிறி.
சியாலா தடவிப் பார்த்தாள்,
வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். சிராய்.

பிறகு சோதனை.
மூலைமட்டத்தின் முனையை வில்லின் மேல்
எங்கே வைத்தாலும் சரி,
அதன் இரு கைகளும் நாணின் இரு நுனிகளைத் தொட வேண்டும்.
ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கும் கதவோரம் உட்கார்ந்தவருக்கும்
ஒரே செங்கோணம்.
அரைவட்டம் ஆள் பார்ப்பதில்லை.

வைத்தேன்.
தொட்டது போல் இருந்தது, தொடவில்லை.
சிகரெட் தாள் நுழையும் இடைவெளி.

ரம்பத்தின் தடிமன் மூன்று மில்லிமீட்டர்.
மையம் அதற்குள் போய்விட்டது.
மேசைமேல் கிடந்த இரண்டும் அரைவட்டமே அல்ல,
அரைக்குக் கொஞ்சம் கம்மி.
மீதி தரையில், பழுப்பாக, தும்மல் வரவழைத்துக்கொண்டு.

யாரிடமும் சொல்லவில்லை.
பத்ரி கடைக்குப் போய் நேர்ப்பட்டை வாங்கி வந்தான்,
இரண்டு துண்டு.
அவளிடம் காசு கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

ரசீதில் எழுதினேன்:
அறுப்புக் கூலி. ஆணி. மெருகு.
மரத்தூள், என்று தொடங்கி
அந்த வரியை அடித்துவிட்டேன்.