ஏழாம் நிமிடத்துக்கு அப்பால்

டெவென்டரில் மழை.
ஹார்மன் தன் லாரிக் கொட்டகையின் ஷட்டரைப்
பாதிதான் தூக்கினான்; குனிந்து நுழைந்தேன்.
உருளைக்கிழங்குப் பெட்டிகளில் இசைத்தட்டுகள்.
மொத்தமாக என்றால் பெட்டிக்கு நாற்பது யூரோ,
பொறுக்கி எடுத்தால் ஒன்றுக்கு ஐந்து.
“எல்லாம் ஒரே டம் டம்தானே, ஃபெம்கெ,
எப்படித்தான் பிரித்துச் சொல்கிறாயோ” என்றான்,
பத்து வருடம் அந்த டம் டம்முக்கே ஆடியவன்.

முழங்கால் ஈரமாக ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன்.
விரல் நுனி கறுத்தது.
கில்டர் காலத்து விலைச்சீட்டுகள்.
ஓர் உறைக்குள் யாரோ மறந்த ரயில் டிக்கெட்,
ஓர் உறைக்குள் வேறு யாருடையதோ தட்டு,
ஓர் உறைக்குள் ஒன்றுமேயில்லை.

நான் தேடுவதற்குப் பெயர் கிடையாது.

தொண்ணூற்றெட்டில் ரூர்டின் வேனில்
ஒரே கேசட் ஓடிக்கொண்டிருந்தது.
டூலிப் கிழங்கு உரிக்கும் கோடை வேலை;
விடியலில் ஐந்து பேர் தோளோடு தோள்,
தலைமுடியெல்லாம் சருகு.
பி பக்கம், மூன்றாவது.
டிரம் சட்டென்று நின்றுவிடும்.
மணி ஒலிக்க, வண்டிகள் காத்திருக்க,
கால்வாய்ப் பாலம் மேலேறுவதுபோல
ஒற்றைச் சுரம் எழும்பும், எழும்பிக்கொண்டேயிருக்கும்.
ஐந்து பேரும் பேச்சை நிறுத்துவோம்.
எவருடைய படகு கடக்கிறதென்று தெரியாது.
பிறகு பாலம் இறங்கும், அடி விழும்,
யோரிந்தெ ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவாள்.
ஏழாம் நிமிடத்தில்
இன்னொரு பாட்டு அதன்மேல் படர்ந்து
அதை விழுங்கிவிடும்.
எப்படி முடிகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மெட்டைக் கடை கடையாய் முனகிக் காட்டியிருக்கிறேன்,
உட்ரெக்ட்டில், கென்ட்டில், கொலோனில்.
முனகினால் எல்லா மெட்டும் ஒரே மெட்டு.
“கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி
அதையே சொல்லாதே” என்பான் என் தம்பி.
இதற்கிடையே ஆயிரத்து நானூறு சேர்ந்துவிட்டன.
பாதி, அதுவாக இருக்குமோ என்று வாங்கியவை;
அதுவாக இல்லாமலே பிடித்துப்போனவை.

மூன்றாவது பெட்டியில் ஒரு வெள்ளை லேபிள்.
பேனாவில் பாதி அழிந்த தொலைபேசி எண்.
நடுவட்டத்து வழவழப்பில்
ஆணியால் கீறியதுபோல் நான்கு எழுத்து.
“நாலு கொடு போதும்,” என்றான் ஹார்மன்,
“ஓரம் வளைந்திருக்கிறது.”

வீட்டில் ஊசியை வைத்தேன்.
கனமாய், தாழ்வாய்,
தூக்கத்தில் நடப்பவன்போல் ஏதோ வந்தது.
இதுவும் இல்லை.
எடுக்கப் போன கை
ஏனோ வேகம் கூட்டும் பட்டையில் பட்டது.
தள்ளினேன். இரண்டு. மூன்று. நாலரை.
பாலத்து மணி அடித்தது.

கலந்தவன் கூட்டியிருந்தானோ,
ரூர்டின் பிளேயர்தான் அவசரப்பட்டதோ,
செய்தவன் செய்யவே செய்யாத ஒரு பாட்டை
இருபத்தாறு வருடமாய்
மனப்பாடமாய் வைத்திருந்திருக்கிறேன்.

ஏழாம் நிமிடம் வந்தது.
யாரும் மேலேறவில்லை.
இதற்கப்பால் எனக்கு வழி தெரியாது;
நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தேன்.
முதலில் பேஸ் இறங்கிக்கொண்டது,
பிறகு அந்தச் சுரம், சொல்லாமல்கொள்ளாமல்.
கடைசி இரண்டு நிமிடம் வெறும் டிரம்.
ஆட்கள் போன ஷெட்டில்
உலர்த்தும் விசிறி மட்டும் சுழல்வதுபோல.
முடிவென்று எதையும் அவன் வைக்கவில்லை.
அடுத்தவன் ஏறிக்கொள்ள
இடம் விட்டு வைத்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

ஊசி உள்வட்டத்தில் சுற்றியது, டிக், டிக்.
குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரம்
தன் கடைசிச் சுற்றைத் தொடங்கியது;
தாளம் கிட்டத்தட்டச் சேர்ந்தது.

லேபிளில் பெயருக்கான கோடு இன்னும் காலி.
பென்சிலைச் சீவி, அதன்மேல் எழுதினேன்:
கூட்டல் நாலரை.